வாசகர் கேள்வி – பதில்: நுண்நெகிழியும் மீனின் குடலும்

கேள்வி: மீன் விழுங்கும் நுண்நெகிழி கழிவோடு வெளியேறிவிடும் என்றால், அந்த மீனுக்கு என்ன கேடு? குடலில் வாழும் பாக்டீரியாவை அது பாதிக்கிறது என்று படித்தேன். அது எவ்வாறு நிகழ்கிறது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்களையே நுண்நெகிழி என்கிறோம். விழுங்கிய துகள்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் நீரில் துகள்கள் உள்ளவரை, ஒன்று வெளியேறும்போதே இன்னொன்று உள்ளே வந்துகொண்டிருக்கும் என்பதால், மீனின் குடல் அவற்றிலிருந்து விடுபடுவதே இல்லை.

மீனின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உணவைச் செரிக்க உதவுகின்றன. நன்னீர் மீன்கள் பலவற்றில் பி12 வைட்டமினை உருவாக்கித் தருகின்றன. நோய்க்கிருமிகள் வேரூன்ற இடம் விடாமல் தடுக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் சிறு நன்னீர் மீனான ஜீப்ரா மீனின் குஞ்சுகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால், அவற்றின் குடல் முழுமையாக முதிர்வதில்லை என்பதிலிருந்தே இவற்றின் இன்றியமையாமையை உணரலாம்.

சீனாவின் ஹாங்சோ நகர ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஜீப்ரா மீன்களை 14 நாட்கள் பாலிஸ்டைரீன் என்ற நெகிழி வகையின் துகள்கள் கலந்த நீரில் அவர்கள் வைத்திருந்தனர். லிட்டருக்கு 1000 மைக்ரோகிராம் என்ற அளவில், குடலில் சளி மிகுதியாகச் சுரந்தது. பேக்டீராய்டீட்ஸ், புரோட்டியோபாக்டீரியா ஆகிய பெரும் பாக்டீரியாப் பிரிவுகளின் பங்கு குறைந்து, ஃபிர்மிக்யூட்ஸ் பிரிவின் பங்கு கூடியது. 0.5 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மிகச் சிறிய துகள்கள், இவற்றோடு அழற்சிக்குரிய குறிகளையும் உண்டாக்கின. சளிப்படலம்தான் பல பாக்டீரியாக்களுக்கு உறைவிடமும் உணவும் ஆகும். அது மாறும்போது அங்கே யார் செழிப்பது, யார் நலிவது என்பதும் மாறுகிறது. அழற்சி கண்ட குடல் இந்த மாற்றத்தை மேலும் தூண்டக்கூடும்.

துகளின் வடிவமும் பொருட்படுத்த வேண்டியது. உருண்டைத் துகளையும் உடைந்த சில்லையும் விட, துணிகளிலிருந்தும் வலைகளிலிருந்தும் உதிரும் இழைகளே ஜீப்ரா மீனின் குடலில் அதிகம் தங்கி, அதிகக் காயம் விளைவிப்பதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

துகள் தனியாக உள்ளே செல்வதும் இல்லை. நீரில் மிதக்கும் நெகிழியின் மேல் சில நாட்களிலேயே பாக்டீரியாப் படலம் படிந்துவிடுகிறது. சுற்றியுள்ள நீரில் இருப்பதிலிருந்து வேறுபட்ட இந்த உயிர்க்கூட்டத்தை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தபோது, ஒரு துகளில் விப்ரியோ என்னும் பாக்டீரியா இனத்தவை மிகுந்திருந்ததைக் கண்டனர். விப்ரியோவில் மீனுக்கும் இறாலுக்கும் மனிதருக்கும் நோய் தருபவை உண்டு. ஏற்கெனவே நிலைகுலைந்த குடலுக்குள் இத்தகையவை நுழைவதையே நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் அளவு, பெரும்பாலான கடற்பகுதிகளில் காணப்படுவதைவிட மிக அதிகம். ஆகவே கடலில் உள்ள ஒவ்வொரு மீனும் இவ்வாறே நோயுற்றிருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறாகும். அதேவேளை, ஆய்வுக்கூடத் துகள்கள் பெரும்பாலும் புதியவை, வழவழப்பானவை. கடலில் இருப்பவையோ வெயிலில் நைந்து, இழையாகவும் சில்லாகவும் சிதைந்து, பாக்டீரியாவைச் சுமந்து வருபவை.

கேள்வி: அப்படியானால் மீனின் குடலை நீக்கிவிட்டுச் சமைத்தால் போதுமா?
– அதே வாசகி

பதில்: குடலில் தங்கிய துகள்களில் பெரும்பாலானவை அதனோடு போய்விடும். சிப்பி, மட்டி போன்றவற்றை முழுமையாக உண்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது. நீரை வடிகட்டி இரை தேடும் இவை துகள்களையும் சேர்த்தே உட்கொள்கின்றன. தங்கள் தூத்துக்குடிக் கடற்கரையின் சிப்பிகளிலேயே நுண்நெகிழி கண்டறியப்பட்டுள்ளது. சமைக்கும் முன் தூய கடல்நீரில் சில மணி நேரம் விட்டு வைத்தால், உயிருள்ள சிப்பிகள் ஒரு பகுதித் துகள்களைத் தாமே வெளியேற்றும்.