பத்து மடங்கு வெப்பம் தரும் உப்புப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதோடு ஒரு ரசாயனப் பெட்டியை இணைத்தால் தண்ணீரைவிடப் பத்து மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், மாதக்கணக்கில் ஆறாது என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான் வெந்நீர் என்றால், வேண்டாம்.

முகவர் சொல்வது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. இந்த மாதிரிப் பெட்டிகளில் உருகி உறையும் மெழுகோ உப்போ இருக்கும். ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகும்போது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே வாங்கும், உறையும்போது திருப்பித் தரும். ஒரு கிலோ தண்ணீரை 5 டிகிரி சூடாக்க 21 கிலோஜூல் போதும். அந்தப் 'பத்து மடங்கு' இங்கிருந்து வருகிறது. ஆனால் உங்கள் தொட்டி 5 டிகிரிக்கா சூடாகிறது? 20-லிருந்து 70 டிகிரிக்குப் போனால் தண்ணீர் 210 கிலோஜூல் பிடிக்கும், மெழுகு ஏறக்குறைய 300. ஒன்றரை மடங்குதான். மெழுகு தண்ணீரைவிட லேசானது. அதே அளவு பெட்டியில் அந்த ஒன்றரையும் வராது.

சரி, மாதக்கணக்கில் ஆறாது என்பது? கையைச் சூடாக்கும் சிறு பையை அமுக்கிக் காட்டியிருப்பார். அதில் இருப்பது சோடியம் அசிடேட். 58 டிகிரியில் உருகும் இந்த உப்பு, ஆறிய பிறகும் உறையாமல் திரவமாகவே கிடக்கும். உள்ளே இருக்கும் உலோக வில்லையைச் சொடுக்கினால் சட்டென்று உறைந்து சூடாகும். ஆக, நீண்ட நாள் சேமிப்பு நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒரு நிபந்தனை: உப்பு முழுவதும் உருகியிருக்க வேண்டும். ஒரே ஒரு படிகத் துணுக்கு மிஞ்சினாலும், 58-க்குக் கீழே இறங்கியதும் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் உறைய ஆரம்பித்துவிடும். உப்பு முழுதும் உருகாமல் போக மேகமூட்டமான ஒரு நாள் போதும். சின்னப் பையில் சாத்தியமான கட்டுப்பாடு பெரிய பெட்டியில் எளிதல்ல.

இன்னொரு பொறி, கிளாபர் உப்பு என்ற மலிவான சோடியம் சல்பேட் உப்பு. உருகி உறைந்து உருகி உறைந்து, கனமான பகுதி அடியில் தங்கிவிடும். அப்புறம் பழையபடி வேலை செய்யாது. 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி இதை நம்பித்தான் ஒரு சூரிய வீட்டைச் சூடாக்கினார். சில ஆண்டுகளிலேயே உப்பு பிரிந்து, திட்டம் நின்றது. இத்தனை காலம் கழித்தும் அதே உப்பைப் 'புதிய தொழில்நுட்பம்' என்று விற்க விடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. சான்றிதழ் கேட்டால் வெளித் தொட்டியின் சான்றிதழை நீட்டுகிறார்கள். உள்ளே இருப்பதை யார் சோதித்தது?

உருகுநிலை எத்தனை டிகிரி, எத்தனை முறை உருக்கி உறையவைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். நாளுக்கு ஒரு முறை என்றாலே பத்து ஆண்டுக்கு 3,650 முறை. இரண்டையும் ரசீதில் எழுதித் தர மறுத்தால் அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் தொட்டிக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் தடித்த வெப்பக்காப்பு போடுங்கள். மறுநாள் காலையிலேயே வித்தியாசம் தெரியும்.