மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கலாமா?

மாட்டுங்காவில் இருக்கும் மாமியாருக்கு ஒரு மாத மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். உப்பு ஜாடியே கசிகிற ஊர்! ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். ஈரம் தாங்காத மருந்துகளை இருபுறமும் அலுமினியம் வைத்து அடைப்பது அதனால்தான். உள்ளே மாத்திரை தெரிகிற பிவிசி அட்டை மலிவு, ஆனால் கொஞ்சம் ஈரத்தை விடும். வெளிச்சம் ஆகாத மருந்துக்குப் பழுப்பு பாட்டில்.

அட்டையைக் கத்தரித்தாலும் பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ள ஓரத்தைக் கடைசிவரை வையுங்கள். நாலு மாத்திரை மட்டும் வாங்கினால் அந்த ஓரம் பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும், அதுதான் எரிச்சல். 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர் பெயரும் தேதிகளும் தெரியும்.