மில்ஃபோர்ட் சாலையில் இரவு தங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் பிப்ரவரியில் நியூசிலாந்தின் தெற்குத் தீவை கேம்பர்வேனில் சுற்றிப் பார்க்கவிருக்கிறோம். பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தி உறங்கலாம் என்கிறார்களே, உண்மையா? செங்குத்துப் பாறைகளுக்கிடையே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரு நாள் போதுமா?

பதில்: அது பாதி உண்மைதான். கழிப்பறை பொருத்தி, சான்று பெற்ற வண்டிகளுக்குச் சில இடங்களில் அனுமதி உண்டு. ஆனால், தே அனா என்னும் ஊரிலிருந்து மில்ஃபோர்ட் செல்லும் ஏறத்தாழ 120 கி.மீ. சாலையின் பெரும்பகுதி தேசியப் பூங்காவினுள் செல்வதால், அங்கே வழியோரத்தில் தங்குவது அபராதத்துக்குரிய குற்றம். அதே வழியிலுள்ள எக்ளிண்டன் பள்ளத்தாக்கில் கேஸ்கேட் கிரீக் போன்ற அரசு முகாம்களில் கட்டணம் செலுத்தித் தங்கலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்புவோர் பலர். எனினும், இரண்டு நாட்களாவது ஒதுக்குங்கள் என்பேன். ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கும் மேல் மழை பெறும் மில்ஃபோர்டில், மழை பெய்யும்போதுதான் பாறைச் சுவரெங்கும் அருவிகள் இறங்கும் (குடையை நம்பாதீர்கள், மழைக்கோட்டு வேண்டும்). 1954இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கப்பாதையின் வாயிலில், கோடைப் பகலில் (பிப்ரவரி அங்கே கோடைதான்) சிக்னலுக்காகக் காத்திருக்கையில், கியா என்னும் மலைக்கிளிகள் வண்டிமேல் ஏறிக் கண்ணாடியோர ரப்பரைக் கொத்திக் கிழிக்கும்; எவ்வளவு கெஞ்சினாலும் உணவு தராதீர்கள்.

நம்மூர்போல இடப்பக்கமே ஓட்டலாம். டீசலையும் மளிகையையும் தே அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தி சாய்வதற்குள் சமைத்து முடித்துக் கதவை மூடிவிடுங்கள், பொடி ஈக்கள் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும்.