காப்புரிமைச் சிக்கல் இவ்வளவு இருந்தும் யூடியூப் மாதிரி வீடியோ தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன?

பெரும்பாலும் விளம்பரத்தில்தான். 2024-ல் மட்டும் யூடியூபின் விளம்பர வருமானம் 3,600 கோடி டாலருக்கு மேல். ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் “காப்புரிமைச் சிக்கல் இருந்தும்” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த “இருந்தும்” என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. அந்தச் சிக்கலே தளங்களுக்கு ஒரு வரவாகிப் பல வருடம் ஆகிறது. அதில் எங்கள் வீட்டுக்கு நஷ்டம்.

நீங்கள் புதிதாகச் சேனல் ஆரம்பிக்கப் போகிறவர் என்று நினைக்கிறேன். பழைய பாட்டை எடுத்துப் போடலாமா, மாட்டிக்கொள்வோமா என்ற யோசனையில் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யூடியூப் 2005-ல் தொடங்கியது. அடுத்த வருடமே கூகுள் 165 கோடி டாலர் மதிப்புக்குப் பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. வழக்கு மேல் வழக்கு வரும், வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார் என்று அப்போதே பேச்சு. சொன்னபடியே 2007 மார்ச்சில் எம்டிவி மாதிரி டிவி சேனல்களை வைத்திருந்த வயகாம் நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. தளத்தைக் காப்பாற்றியது 1998-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம். யாரோ ஏற்றியதற்குத் தளம் பொறுப்பில்லை, உரிமைக்காரர் சொன்னதும் எடுத்துவிட்டால் போதும் என்பது அதன் சாரம். 2010-ல் யூடியூப் ஜெயித்தது, 2012-ல் மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்தது, 2013-ல் மறுபடி ஜெயித்தது, 2014-ல் சமாதானமானார்கள். ஏழு வருடம் வழக்கு நடத்தப் பணம் இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். வியோ என்று இன்னொரு தளம் இருந்தது. இதே சட்டத்தை வைத்து 2009-ல் அதுவும் நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஜெயித்த சில மாதங்களில் திவாலாகிவிட்டது. வக்கீல் செலவு அவ்வளவு.

நம் நாட்டிலும் இதே கதைதான். இந்திப் பாட்டுகளை வெளியிடும் டி-சீரிஸ் நிறுவனம் 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் யூடியூப் மேல் வழக்குப் போட்டது. 2019-ல் அதே டி-சீரிஸின் சேனல்தான் உலகிலேயே அதிகச் சந்தாதாரர்கள் உள்ள சேனலாக யூடியூபில் நின்றது.

நடுவில் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. 2007 கடைசியில் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். உரிமைக்காரர் தன் பாட்டையோ படத்தையோ மாதிரிக்குக் கொடுத்துவிட வேண்டும். யார் எதை ஏற்றினாலும் கணினி அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் உரிமைக்காரர் அந்த வீடியோவைத் தடுக்கலாம், யார் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் எடுக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது முறைக்கு மேல் காசைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி உரிமைக்காரர்களுக்குப் போன தொகை 2022 டிசம்பர் வரை 900 கோடி டாலர். சாதாரணமாக நீள வீடியோ விளம்பரத்தில் சேனல்காரருக்கு 55 விழுக்காடு, தளத்துக்கு 45. உரிமை கோரல் வந்தால் சேனல்காரரின் பங்கு கை மாறுகிறது. தளத்துக்கு வர வேண்டியது எப்படியும் தளத்துக்கு வந்துவிடுகிறது.

இனி எங்கள் கதை. நான் எந்தத் தளத்தில் போட்டேன், கோரியது எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப்போவதில்லை.

என் சித்தப்பா நாதஸ்வரக்காரர். திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். நாற்பத்தைந்து வருடமாக எங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறார். 1996-ல் ஒரு கேசட் கம்பெனி சென்னைக்குக் கூப்பிட்டது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் இரவு ஒன்பது வரை வாசித்தார். பஸ் செலவு, சாப்பாடு, கையில் 3,000 ரூபாய். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கம்பெனி பிறகு கைமாறி, பதிவுகள் எல்லாம் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டன.

நான் அவருக்காக ஒரு சேனல் தொடங்கி நாலு வருடம் போனிலேயே படம்பிடித்துப் போட்டேன். 2023 வைகாசி உற்சவத்தில், வடக்கு வீதி முனையில் சாமி நின்றபோது சித்தப்பா கரகரப்பிரியா ராகத்தை எடுத்தார். அரை மணி நேரத்துக்குக் குறையாத ஆலாபனை, பிறகு தியாகராஜர் கீர்த்தனை ஒன்று. அன்று அவர் வாசித்த மாதிரி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது, சாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் ஏதோ பேசுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. எல்லாம் அந்த வீடியோவில் இருக்கிறது. அது 1,80,000 பேர் பார்த்த வீடியோ. எங்கள் சேனலில் அதற்கு முன் எதுவும் ஐயாயிரத்தைத் தாண்டியதில்லை.

பத்தொன்பதாம் நாள் வருமானக் கணக்கைத் திறந்தால் அந்த வீடியோவுக்கு நேரே பூஜ்யம். உரிமை கோரல். கீர்த்தனையின் பெயர் போட்டு, உரிமை அந்த நிறுவனத்துக்கு என்று இருந்தது. கலைஞர் என்ற இடத்தில் என் சித்தப்பாவின் பெயர். 1996 கேசட்டோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “என்னப்பா இது, நான் வாசிச்சதையே நான் திருடிட்டேன்னு எழுதியிருக்கு?” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அன்று மாலை வழக்கமான வாசிப்புப் பயிற்சியும் செய்யவில்லை.

நான் வக்கீல் இல்லை. சட்டம் படித்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டேன். தியாகராஜர் காலமானது 1847-ல். நம் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 வருடம்வரைதான் பாட்டுக்கு உரிமை. ஆகவே கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. 1996-ல் நாடாவில் பதிந்த அந்த ஒலி, வெளியானதிலிருந்து 60 வருடத்துக்கு அந்த நிறுவனத்துடையது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. வடக்கு வீதியில் 2023-ல் வாசித்தது வேறு வாசிப்பு. அது அவர்களுடையது ஆகாது.

மறுப்பு போட்டேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். இருபத்தெட்டாம் நாள் “எங்கள் கோரல் சரியே” என்று வந்தது. அந்த வீடியோவை ஒருவர் ஒரு நிமிடம் திறந்து கேட்டிருந்தால் ஜெனரேட்டர் சத்தம் காதில் விழுந்திருக்கும். கணினி பிழை செய்யலாம், புரிந்துகொள்வேன். மறுப்பு எழுதிய பிறகும் அப்படிச் சொன்னது மனிதர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த படி மேல்முறையீடு. அதையும் அவர்கள் ஏற்காமல் நீக்கச் சொன்னால் சேனலுக்கு ஒரு ஸ்டிரைக், அதாவது காப்புரிமை மீறல் எச்சரிக்கை, விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். “விடுப்பா, நாலு வருஷ உழைப்பு” என்றார் சித்தப்பா. நான் விடவில்லை. இந்தத் தடவை அவர்களுக்கு 7 நாள்தான். ஏழு நாளும் பதிலே இல்லை, கோரல் தானாக விழுந்தது. ஆனால் உற்சவ வீடியோ ஓடுவது முதல் சில வாரம்தான். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே காசை நிறுத்தி வைத்திருப்பார்கள். எனக்கு வந்த மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். போனது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும். பெரிய தொகையில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். சித்தப்பாவுக்கு அது மூன்று மாத மாத்திரைச் செலவு.

அவர் வருமானம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். முன்பு ஆவணியிலும் தையிலும் அவர் வீட்டில் தங்குவதே அரிது. இப்போது எங்கள் பக்கத்திலேயே மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் கூப்பிடுகிறார்கள். செண்டைக்காரர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்களும் கலைஞர்கள். ஆனால் மண்டபத்துக்கு இரண்டு லட்சம் கொடுக்கிறவர்கள் நாதஸ்வரம், தவில் சேர்த்து எட்டாயிரம் என்றால் பேரம் பேசுகிறார்கள். போன தையில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் கெட்டிமேளத்தைப் பென் டிரைவில் போட்டார்கள். தவில்காரர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டாரை நான் கேட்டேன், “சவுண்ட் நல்லா வரும்னு” என்றார்கள்.

நான் காப்புரிமைக்கு எதிரி, திருட்டு வீடியோவுக்கு ஆதரவு என்று பின்னூட்டம் வரும். அப்படியில்லை. முழுப் படத்தைத் தூக்கிப் போடுகிறவன் காசை உரிமைக்காரர் எடுப்பது நியாயம்தான். வருடத்துக்கு 100 கோடிக்கு மேல் கோரல்கள் போகின்றன, மறுக்கப்படுவது நூற்றில் ஒன்றுகூட இல்லை, அதனால் ஏற்பாடு நன்றாகத்தான் நடக்கிறது என்பார்கள். மறுத்தவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றியவர் பக்கமே தீர்ந்திருக்கிறது என்று யூடியூப் அறிக்கையே சொல்கிறது. அப்படியானால் ஸ்டிரைக்குக்குப் பயந்தோ, ஆங்கிலத்தில் வந்த மின்னஞ்சல் புரியாமலோ மறுக்காமல் விட்டவர்களில் என் சித்தப்பா மாதிரி எத்தனை பேர்?

எனவே நீங்கள் சொந்தமாக வாசித்ததை, பாடியதைப் போடுங்கள். போட்ட முதல் வாரம் தினமும் கணக்கைத் திறந்து பாருங்கள். கோரல் வந்தால் ஐந்து நாளுக்குள் மறுத்துவிடுங்கள். எடிட் செய்யாத மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.

நாங்கள் இப்போது இன்னொன்றும் செய்கிறோம். ஒவ்வொரு பதிவும் தொடங்குமுன் சித்தப்பா நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை ஈரப்படுத்திப் பொருத்திவிட்டு, கேமராவைப் பார்த்துத் தேதி, கோயில், தன் பெயர் மூன்றையும் சொல்கிறார். பிறகுதான் வாசிக்கிறார்.