ட்ரோனால் வயலுக்கு மருந்தடிப்பது ஆபத்து என்கிறார்களே, இடர் என்பதும் அதுதானா?

இல்லை. ஆபத்து என்பது ஒரு பொருளிலேயே இருக்கும் கெடுக்கும் தன்மை. அது நம்மைத் தொடும் வாய்ப்பும் தொட்டால் வரும் சேதமும் சேர்ந்ததே இடர்.

இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி இருப்பதை எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்கு அப்பால் கிடக்கும் மிதிவெடி எப்போதும் ஆபத்தானது. ஆனால் இப்பால் நடப்பவருக்கு இடர் குறைவு. விறகுக்காக உள்ளே போனவருக்கோ மிக அதிகம்.

கிளிநொச்சி வயலில் ட்ரோன் தெளிக்கும் மருந்தும் அப்படித்தான். தெளிகருவியை முதுகில் சுமப்பவரின் உடலில் படுவது குறைகிறது. நுண்துளிகளைக் காற்று அயல் கிணற்றுக்குக் கொண்டுபோகும் வாய்ப்போ கூடுகிறது. காற்றடங்கிய வேளை பார்ப்பதும், அயலவருக்கு முதல்நாளே சொல்வதும் அதற்காகவே. (சொல்லாவிட்டால் வேலிச்சண்டை, அது தனி இடர்.)

“இடர் குறைவு” என்பதை “ஒன்றும் நடக்காது” என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நடக்கும் வாய்ப்போ, நடந்தால் வரும் சேதமோ குறைவு என்பது மட்டுமே அதன் பொருள்.