கண்வலி விதையில் இருக்கும் மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: அப்பாவுக்குக் கால் பெருவிரலில் கௌட் வலி. டாக்டர் கோல்ச்சிசின் 0.5 மி.கி. மாத்திரை எழுதியிருக்கிறார். செல்லுக்குள் புரத இழைகள் உருவாவதை அது தடுக்கும் என்று படித்தேன். செல்லின் சட்டகத்தையே தடுத்தால் ஆபத்தில்லையா? எங்கள் தோட்டத்தில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். மருந்து அதிலிருந்துதான் வருகிறது, கிழங்கையே கஷாயம் வைத்துக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா? (தாராபுரம் பக்கத்து வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கவே கூடாது.

செல்லுக்குள் உள்ள இழைகளை எலும்புக்கூடு என்று பாடப்புத்தகங்கள் சொல்வதால், ஒருமுறை அமைந்தால் அப்படியே நிற்பவை என்று தோன்றிவிடுகிறது. கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்ட பக்கம் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்து, அதே கழிகளை வேறு பக்கம் கொண்டுபோவார்கள். செல்லும் அப்படித்தான் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது.

கோல்ச்சிசின் கை வைப்பது இந்த இழைகளில் ஒரு வகையான நுண்குழல்களில். ஆல்ஃபா, பீட்டா என்ற இருவகை டியூபுலின் புரதங்கள் ஜோடி சேர்கின்றன. ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். ஜோடிகள் சரமாகி, பெரும்பாலும் 13 சரங்கள் பக்கவாட்டில் ஒட்டி, 25 நானோமீட்டர் அகலக் குழலாகின்றன. புதிதாகச் சேரும் ஜோடியில் குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு ஒட்டியிருக்கும். சற்று நேரத்தில் அது சிதையும். பிறகு அந்த ஜோடி வளையப் பார்க்கும். நுனிக்குப் புது ஜோடிகள் வந்துகொண்டிருக்கும்வரை கவலையில்லை. வரத்து குறைந்தால் நுனி பிரிந்து குழல் மளமளவென்று சரியும். பக்கத்துக் குழல் அதே நேரம் வளர்ந்துகொண்டிருக்கும். டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்ற விஞ்ஞானிகள் 1984-இல் இதை விளக்கினார்கள்.

குழலில் சேராமல் திரியும் ஜோடியில்தான் கோல்ச்சிசின் ஒட்டுகிறது. ஒட்டியபின் அந்த ஜோடி நிமிர முடியாமல் வளைந்தே கிடப்பதால் குழலில் சரியாகப் பொருந்தாது. மருந்து குறைவாக இருந்தால் குழல்களின் வளர்ச்சியும் சரிவும் மந்தமாகும். அளவு கூடினால் சரிந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை எழாது. டியூபுலினை அடையாளம் கண்டதே இந்த மருந்தை வைத்துத்தான்: விஞ்ஞானிகள் கேரி பாரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசின் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று தேடி, 1967-இல் வெளியிட்டார்கள்.

அப்பாவின் விரலுக்கு வருவோம். மூட்டில் யூரிக் ஆசிட் படிகங்கள் படிந்ததும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் படையெடுக்கின்றன. ரத்தத்தில் உருண்டையாக வந்தவை, உருமாறி, ரத்தக்குழாய்ச் சுவரில் நுழைந்து ஊர்கின்றன. முன்பக்கத்தைத் தள்ளுவது ஆக்டின் என்ற வேறொரு இழை. கோல்ச்சிசின் அதைத் தொடுவதில்லை. ஆனால் திசை பிசகாமல் ஊரவும், வீக்கத்தைக் கிளப்பும் புரதங்கள் செல்லுக்குள் ஒன்றுசேரவும் நுண்குழல்கள் வேண்டும். நியூட்ரோபில்களுக்குள் இந்த மருந்து நன்றாகத் தேங்குவதால் சிறு அளவிலேயே அவை அடங்குகின்றன. இது வீக்கத்துக்கான மருந்து. யூரிக் ஆசிடைக் குறைக்காது.

உங்கள் பயம் நியாயமானதே, ஏனென்றால் டியூபுலின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவையும் இதே குழல்கள்தான். ஓயாமல் பிரியும் குடல் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும். மாத்திரை சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் சூடு என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அதிகம் கொடுத்தால் அதிகம் கேட்கும் என்பதும் இல்லை. 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்தில் 1.8 மி.கி. கொடுத்ததும் ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. கொடுத்ததும் வலியை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. வயிற்றுப்போக்கு மட்டும் இரண்டாவதில் மிக அதிகம்.

மாத்திரையில் அரை மில்லிகிராம் என்றால் அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு என்று யார் அளந்து கொடுப்பார்? காய்ச்சினாலும் நஞ்சு போகாது. மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் அது, விதையிலும் அதே நஞ்சு. சாப்பிட்ட சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி, ஓரிரு நாளில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். டயாலிசிஸ் செய்தும் அதை வெளியேற்ற முடியாது.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கொலஸ்ட்ரால் மாத்திரை, கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான மாத்திரை, சைக்ளோஸ்போரின் ஏதாவது எடுத்தாலோ டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; அவை கோல்ச்சிசினை உடலில் தேங்கவைக்கலாம் அல்லது தசையைப் பாதிக்கலாம். விதை மூட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். யாராவது கிழங்கையோ விதையையோ தின்றுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் கையில் எடுத்துப்போங்கள்.