அமெரிக்கப் புறநகர்களில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் தனித்தனியே வசிக்கும் நிலையை உள்ளூர்வாசிகளால் மாற்ற முடியுமா?

முடியும். நான் வசிக்கும் நியூ ஜெர்சியை வைத்தே சொல்கிறேன்.

இந்த மாநிலத்தின் வில்லிங்பரோவில் லெவிட் என்ற வீடுகட்டும் நிறுவனம் 1950களின் இறுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டத் தொடங்கியது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னது, வழக்காடி 1960இல் தோற்றது. அப்புறம் 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் தேசியச் சட்டம் கையெழுத்தானது. நம்மவர்கள் இங்கே எடிசன் ஊரில் வீடு பார்க்கப் போகும்போது தோலைப் பார்த்து யாரும் கதவைச் சாத்த முடியாததற்கும் அந்தச் சட்டம்தான் காரணம்.

ஆனால் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று ஊர் நிர்வாகம் வகுக்கும் சோனிங் விதிகள் அப்படியே இருந்தன. வீட்டுக்குக் குறைந்தது அரை ஏக்கர் மனை வேண்டும், அடுக்குமாடி கூடாது என்று ஒரு டவுன்ஷிப், அதாவது ஊர் நிர்வாகம், எழுதி வைத்தால் போதும். அதில் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. தலைமுறைகளாக வங்கிக் கடன் மறுக்கப்பட்டு, சொத்து சேர்க்க வழியில்லாமல் போன குடும்பங்கள் தானாகவே வெளியே நின்றுவிடும்.

இதே மாநிலத்தின் மவுன்ட் லாரல் ஊரில் நடந்தது இதுதான். எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் குடும்பம் பல தலைமுறைகளாக அந்த ஊரில் இருந்தது. அங்கே கறுப்பினக் குடும்பங்கள் சில, கோழிக் கொட்டகையாக இருந்ததை மாற்றிய வீடுகளில்கூட வாழ்ந்தன. அவர்களுக்காக 36 அடுக்குமாடி வீடுகள் கட்ட எத்தலும் மற்றவர்களும் அனுமதி கேட்டார்கள். ஊர் நிர்வாகம் மறுத்தது. 1971இல் வழக்குப் போட்டார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கும் இடம் தரும்படி வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் நிலத்தைத் திட்டமிட வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. 1983இல் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னது. எத்தல் 1994இல் இறந்துபோனார். கடைசியில் அவர் பெயரில் கட்டப்பட்ட 140 வீடுகளில் முதல் குடும்பங்கள் குடியேறியது 2000ஆம் ஆண்டில்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இடையில் பணக்கார ஊர்கள், தாங்கள் இடம் தர வேண்டிய குறைந்த வருமான வீடுகளில் பாதி வரை வறிய நகரங்களின் தலையில் காசு கொடுத்துக் கட்டிவிடச் சட்டமே இடம் தந்தது. அது 2008இல் ஒழிந்தது, நல்லதாயிற்று. 2024இல் வந்த புதுச் சட்டப்படி, 2025 முதல் பத்தாண்டுகளுக்கு பெரும்பாலான ஊர்களுக்கு இந்த வீடுகளில் ஒரு பங்கு உண்டு.

சரி, உள்ளூர்வாசி என்ன செய்வது? ஊரின் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் குழுவான பிளானிங் போர்டின் கூட்டத்துக்குப் போங்கள். எந்த மனையில் எத்தனை வீடு என்ற திட்டங்கள் விவாதிக்கப்படும் இடம் அது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பொதுமக்கள் முறை வந்ததும், பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு ஒருவர் பின் ஒருவராக மைக்கில் பேசினார்கள். போக்குவரத்து நெரிசல், பள்ளியில் இடமில்லை, மழைநீர் வடியாது, ஊரின் தன்மை கெட்டுவிடும். எதிர்ப்பவர்களே திரண்டு வந்தால், போர்டு காதில் விழுவது அது ஒன்றுதான். அதனால் ஆதரிப்பவர்கள் நாலு பேராவது அவசியம் எழுந்து பேச வேண்டும். பக்கத்து நகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, இந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைத்தால் மகளை இங்கேயே படிக்க வைப்பேன் என்று எழுந்து சொன்னார். நெரிசல் பற்றிப் பேசியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் தமிழ் வாட்ஸாப் குழுக்களிலும் இந்தப் பயம் சுற்றுகிறது: வீட்டு விலை விழுந்துவிடும், குற்றம் கூடும் என்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாசி குழு மவுன்ட் லாரலை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் பதில். ஒத்த ஊர்களோடு ஒப்பிட்டபோது, அந்த வீடுகளால் குற்றம் கூடவுமில்லை, வீட்டு விலை குறையவுமில்லை. இதைக் குழுவில் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இந்த வீடுகளை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. சுற்றுவட்டார மாவட்டங்கள் முழுவதும் விளம்பரம் செய்து, குலுக்கலில்தான் தர வேண்டும். ஊருக்குள் இன்று இல்லாதவர்கள் உள்ளே வர வழி அதுதான். விளம்பரம் எங்கெல்லாம் போகிறது, கறுப்பின தேவாலயங்களுக்கும் பக்கத்து நகர நூலகங்களுக்கும் போகிறதா என்று கூட்டத்தில் கேளுங்கள். போகவில்லை என்றால் விண்ணப்பப் படிவங்களை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். நாங்கள் சிலர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.